தொட்டிக்குள் இரண்டாவது டார்ச்

விளக்கு அணைந்தபோது நான் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன்.

பட்டென்று அணையவில்லை. வெள்ளையாக இருந்த வெளிச்சம் மஞ்சளாகி, மஞ்சள் செம்மண் நிறமாகி, கடைசியில் கண்ணாடிக்குள் இருந்த கம்பி மட்டும் ஒரு கணம் சிவப்பாகத் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

இத்தனைக்கும் அது ஞாயிற்றுக்கிழமை காலை. பத்து, பத்தரை மணி இருக்கும். மே மாதம். என் தலைக்கு மேலே இருந்த கான்கிரீட்டுக்கு அப்பால் டெல்லி வெயிலில் வறுபட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் எங்கோ சொட்டும் தண்ணீரும் என் மூச்சும்தான்.

துவாரகாவில், எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் தரைக்கு அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் நான் இறங்கியிருந்தேன். இடுப்பில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனை யார் கையில் இருந்தது என்பதை எழுத எனக்கு இத்தனை வாரம் தயக்கமாக இருந்தது.

தொப்பையும் மூடியும்

துவாரகாவுக்கு மெட்ரோ வந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. அதற்கு நாலைந்து வருஷம் முன்பே நாங்கள் கரோல் பாக் வாடகை வீட்டை விட்டு இங்கே வந்துவிட்டோம். நான்கு தளம், நான்கு குடும்பம். நாங்கள் தரைத்தளம். என் கணவர் ஜெயசீலன் விமான நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். நான் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன்.

இவருக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் எது கெட்டாலும் ஆள் கூப்பிடக் கூடாது. கூலர் மோட்டார், கதவுத் தாழ்ப்பாள், கக்கூஸ் ஃபிளஷ் எல்லாம் இவரே கழற்றுவார். விமானத்தையே பார்க்கிற கைக்கு இது எம்மாத்திரம் என்பார். கழற்றியதில் பாதியாவது திரும்ப மாட்டப்பட்டது என்று மனசாட்சியோடு எழுதுகிறேன்.

அந்தக் கோடையில் தொட்டி தகராறு செய்தது. காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது விளிம்பு வரை நிரம்பும். மத்தியானத்துக்குள் பாதி காணாமல் போய்விடும். சாயங்காலம் பம்ப்பைப் போட்டால் காற்றுதான் இழுக்கும். மேல்மாடிக்காரர்கள் வாளியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

உள்ளே இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். தொட்டிக்கு முதலில் இரண்டு மூடி இருந்ததாம். தரைக்கு டைல்ஸ் போட்டபோது ஒன்று டைல்ஸுக்கு அடியில் போய்விட்டது. மிச்சமிருந்ததோ சின்ன மூடி. இவர் காலை விட்டார், இடுப்பு வரை போனார், அதற்கு மேல் தொப்பை ஒத்துழைக்கவில்லை. நான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. அப்போதெல்லாம் நான் கம்பி மாதிரி இருப்பேன். ஆகவே நான் இறங்குவது என்று முடிவானது.

கயிறு பிடித்தவர்

வழக்கமாக அந்தத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுகிறவர் எங்கள் சௌகிதார் ராம்பால். வாசல் காவல், பம்ப் போடுவது, தொட்டி கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு. பம்ப்புக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அறையில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் குடியிருந்தார். அந்த நாளில் நாங்கள் அவரை அவன், இவன் என்றுதான் பேசினோம். இப்போது எழுதும்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

அந்த ஞாயிறு அவரை இறக்காததற்குக் காரணம் இருந்தது. தண்ணீரைத் திருடுவது அவர்தான் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அவர் விடியற்காலையில் பக்கத்துத் தெருவில் கார் கழுவி வந்தார். நம் தண்ணீர்தான் அந்தக் கார்களுக்குப் போகிறது என்று மேல்மாடியில் ஒருவர் சொன்னார். தொட்டிக்குள்ளேயே திருட்டுக் குழாய் வைத்திருப்பான் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். நான்கு வீட்டுக்கும் செக்ரட்டரி என் கணவர். சனிக்கிழமை காலை ராம்பாலைக் கூப்பிட்டு, ஞாயிறு சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருடைய மூத்த பெண்ணுக்கு அந்த வருஷம்தான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. தைத்து வந்த யூனிஃபார்ம் அறைக் கதவில் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே நான் வாயைத் திறக்காமல் நின்றேன். திறந்திருக்க வேண்டும்.

குழாயைக் கண்டுபிடித்தால் சாட்சியாகிவிடும் என்பது இவர் கணக்கு. திருடனையே இறக்கிவிட்டுத் தேடச் சொல்ல முடியாதே. அதற்காகத்தான் சர்ச்சில் தமிழ் ஆராதனைக்குக்கூடப் போகாமல் ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையில் இறங்கினோம்.

ஏணியை இவர் பிடிக்க வேண்டும். கயிற்றைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு வேலை சொல்லி நழுவிவிட்டார்கள். கடைசியில், அறைக்குள் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த ராம்பாலைத்தான் கூப்பிட்டோம். அவர் வந்தார். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு மூடியருகே குந்தினார்.

அவர் திருடர் என்று நிரூபிக்க இறங்குகிற பெண்ணின் கயிறு அவர் கையில் இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

கழுத்தில் தொங்கிய குச்சி

இவர் என் கையில் ஒரு பெரிய டார்ச்சைக் கொடுத்தார். சார்ஜ் செய்கிற வகை. கரோல் பாக்கில் தேடி வாங்கியது. எதிர் வீட்டு மாடிச் சுவரில் அடித்தால் பட்டப்பகலிலேயே வட்டம் விழும். அதற்கு மேல் நான் என் பேனா டார்ச்சை ஒரு நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டதைப் பார்த்து இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ராத்திரி பூரா சார்ஜில போட்டிருக்கேம்லா. இந்தக் குச்சிய வேற எதுக்குக் கழுத்துல கட்டுத? கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கா போற?"

இருக்கட்டும் என்றேன். அது தியேட்டரில் வந்த பழக்கம்.

தொண்ணூறுகளில் நான் தியேட்டரில் சேர்ந்த புதிதில் எங்கள் தலைமை சிஸ்டர் ஒரு கோட்டயத்துப் பெண்மணி. குரலை உயர்த்தவே மாட்டார். தினமும் காலையில் ஒவ்வொரு நர்ஸும் இரண்டு டார்ச்சை எரித்துக் காட்ட வேண்டும். ஒன்று எரியாவிட்டாலும் அன்றைக்கு தியேட்டருக்குள் விட மாட்டார். எங்களுக்குள் கேலி செய்வோம். ஒரு மத்தியானம் அந்தக் கேலி நின்றது.

ஒரு மனிதரின் வயிற்றைத் திறந்து ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. கரண்ட் போயிற்று. வெளியே ஜெனரேட்டர் இருமியது, பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் டார்ச்சை அடித்தாள். பதற்றத்தில் அது கை நழுவித் தரையில் விழுந்து அணைந்தது. நான் என்னுடையதை அடித்தேன்.

அந்தச் சின்ன வட்டத்துக்குள் குடல் தன் பாட்டுக்கு மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. டாக்டரின் கைகள் அசையாமல் நின்றிருந்தன. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அது மட்டும் நிற்கவில்லை. கரண்ட் போனதும் வந்ததும் அதற்குத் தெரியாது. ஒரு மனிதர் பிறந்த நாளிலிருந்து அவருக்குள்ளே அது இருட்டில்தானே வேலை செய்கிறது. தினமும் பெரிய விளக்கின் கீழே பார்த்ததுதான். அன்று அந்தக் குட்டி வெளிச்சத்தில் பார்த்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஜெனரேட்டர் வந்த பிறகும் டார்ச்சை அணைக்க மறந்து பிடித்துக்கொண்டிருந்தேனாம்.

அதே சிஸ்டரிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். குழந்தைகளுக்கு ஊசி போட நரம்பு கிடைக்காவிட்டால் அவர் டார்ச்சை நேராகக் காட்ட மாட்டார். தோலோடு ஒட்டிப் படுக்கவைத்துக் காட்டுவார். மெல்லிய மேடுகூட நிழலோடு எழுந்து நிற்கும்.

குறுக்குச் சுவருக்கு அப்பால்

சனிக்கிழமையே மூடியைத் திறந்து வைத்து, குழாய் வால்வை அடைத்து, முழங்கால் அளவுக்குத் தண்ணீரை இறைத்து, மின்விசிறியைச் சாய்த்துக் காற்றை உள்ளே அனுப்பியிருந்தோம். அது என் கண்டிப்பு. மூடிக் கிடந்த தொட்டிக்குள் எடுத்த எடுப்பில் யாரும் இறங்கக் கூடாது.

தொட்டியின் நடுவே ஒரு குறுக்குச் சுவர். அதில் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு வழி. இந்தப் பக்கத்துப் பாதியில் மூடியிலிருந்து வெளிச்சம் விழுந்தது. அங்கே குழாய் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் எங்கள் கொல்லைக்கு அடியில் போகிறது. அங்கேதான் பம்ப் உறிஞ்சுவதற்காகத் தரையில் ஆழமாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். குழி ஜாக்கிரதை என்று இவர் மேலிருந்தே பத்து தடவை சொல்லி அனுப்பினார்.

நுழைந்தேன். குழியை டார்ச்சில் பார்த்து, அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். நின்ற இடத்தில் திரும்பித் திரும்பி நான்கு சுவர்களிலும் வெளிச்சத்தை அடித்தேன். ஈரச் சுவர் கண்ணாடி போலப் பளபளத்தது. குழாய் இல்லை, ஓட்டை இல்லை. ஒன்றும் இல்லை என்று கத்தினேன்.

அப்போதுதான் விளக்கு போயிற்று.

ஏன் போயிற்று என்று பிறகுதான் புரிந்தது. முந்தின ராத்திரி முழுக்க எங்கள் பகுதியில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, நாங்களும் சுகமாகத் தூங்கிவிட்டோம். இவர் டார்ச்சை மாட்டிய பிளக்கில் மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பு கிடையாது. விமானத்தைப் பார்க்கிற கைக்கு அது தோன்றவில்லை. அதனால் வீட்டில் ஸ்பானரைத் தூக்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: இரண்டாவது டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டாம். ஒன்று சார்ஜில் ஓடினால் மற்றது பேட்டரி கட்டையில் ஓடட்டும். அதை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இருட்டுக்கு வருகிறேன்.

கண்ணை மூடினேன், திறந்தேன். வித்தியாசம் இல்லை. குறுக்குச் சுவர் வழியாக லேசாக ஒரு வெளுப்பு தெரிந்தது. என் அலறலைக் கேட்டு இவர் மூடிக்குள் தலையை நுழைத்தார். அந்த வெளுப்பும் போய்விட்டது. அசையாமல் நில்லு, அசையாமல் நில்லு என்று அங்கிருந்து கத்தினார். பிறகு மெழுகுவத்தி தேடி வீட்டுக்குள் ஓடும் சத்தம் கேட்டது.

கயிறு வழி காட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். காட்டும். ஆனால் கயிறு நேரே போகிற பாதையில்தான் குழி இருந்தது. எனக்கும் அதற்கும் எத்தனை அடி என்று தெரியவில்லை. காலைத் தூக்கினேன், எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப வைத்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. பயந்துவிட்டேன்.

அப்போது கயிறு மெல்ல இரண்டு தடவை அசைந்தது. ராம்பாலின் குரல் வந்தது.

"மேடம்ஜி, கபராவோ மத். ரஸ்ஸி மேரே ஹாத் மே ஹை."

பயப்படாதீர்கள், கயிறு என் கையில் இருக்கிறது. அவ்வளவுதான் சொன்னார். முந்தின நாள் நாங்கள் காலி செய்யச் சொன்ன மனிதர், ஒரு குழந்தையிடம் பேசுகிற மாதிரி சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. கை கழுத்துக்குப் போயிற்று.

முருங்கை

பேனா டார்ச் எரிந்தது. கைப்பிடி அளவு வெளிச்சம். எதிர்ச் சுவர் வரை எட்டாது. குழியைத் தவிர்க்க வேண்டுமானால் சுவரை ஒட்டியே சுற்றி வர வேண்டும். ஆகவே டார்ச்சைச் சுவரோடு படுக்கவைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக நகர்ந்தேன்.

நாலைந்து அடி நகர்ந்திருப்பேன். சுவரில் ஒரு நிழல் எழுந்தது.

ஒரு விரிசல். என் இடுப்பு உயரத்தில், ஒரு கை நீளத்துக்கு. பெரிய டார்ச்சில் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று நான் கத்திய அதே சுவர். அந்த விரிசலிலிருந்து வெள்ளை வெளேரென்று வேர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. தலைமயிரைவிட மெல்லியவை. நூற்றுக்கணக்கில். ஈரத்தில் சுவரோடு படிந்து கிடந்ததால் முன்பு வெறும் கறை போலத்தான் தெரிந்திருந்தன. இப்போது ஒவ்வொன்றும் தன் நிழலோடு தனித்தனியாக நின்றது. அத்தனையும் கீழே இறங்கித் தண்ணீரைத் தொட்டிருந்தன. நான் அசைந்ததில் தண்ணீர் அலைய, நுனிகளும் சேர்ந்து அலைந்தன.

ஒன்றைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனேன். கடுகு அரைத்தது போல் சுரீரென்று ஏறியது. சந்தேகமே இல்லை, முருங்கை.

துவாரகாவுக்குக் குடிவந்த முதல் வாரம் இவர் கரோல் பாக்கிலிருந்து ஒரு முருங்கைப் போத்தை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து கொல்லையில் நட்டார். தமிழ்க் குடும்பத்துக்குக் கீரை வேண்டாமா? தொட்டி ஓரம் குளிர்ச்சியாக இருக்கும் என்று அங்கேயே வைத்தார். அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. எந்தக் கோடையிலும் அது வாடியதும் இல்லை. இந்த மரத்துக்கு என்ன வரமோ என்று வருகிறவர்களிடமெல்லாம் இவர் பெருமையடித்துக்கொள்வார். மேல்மாடி பஞ்சாபிக்காரம்மா எங்கள் சாம்பாரில் இருந்த முருங்கைக்காயைச் சக்கையோடு மென்று விழுங்கிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொன்னதும் உண்டு.

தொட்டி அந்த விரிசல் வரை வடிந்துகொண்டிருந்திருக்கிறது. தண்ணீர் போன வழியில் வேர் வந்திருக்கிறது. கண் கிடையாது, விளக்கு கிடையாது. மண்ணுக்கும் செங்கல்லுக்கும் நடுவே மயிரிழை இடம் கண்டு, அதற்குள் நுழைந்து, தண்ணீர் இருக்கும் இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது. எங்கள் தலைக்கு மேல் நாங்கள் யார் திருடன் என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது இது இங்கே தன் வேலையைப் பார்த்திருக்கிறது. எனக்குக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் வேர். அப்படியே நின்று பார்த்தேன். பயம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

மேலே கயிறு மறுபடி இரண்டு தடவை அசைந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாகவே நகர்ந்து வெளியே வந்தேன்.

வெளிச்சத்தில்

ஏணி மேலே இவர் எரியாத மெழுகுவத்தியோடு நின்றார். தீப்பெட்டி கிடைக்கவில்லையாம். நான் வேரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தார். கொல்லைப் பக்கம் திரும்பி மரத்தைப் பார்த்தார்.

"இத நாந்தான வச்சேன்," என்றார்.

இவரிடம் ஆயிரம் குறை சொல்லலாம். அன்று செய்ததைச் சொல்லாவிட்டால் பாவம். மெழுகுவத்தியைக் கீழே வைத்துவிட்டு நேரே ராம்பால் முன்னால் போய் நின்றார். பதினைந்து வருஷம் டெல்லியில் இருந்தும் தேறாத இந்தியில், தவறு எங்கள் மேல்தான், மன்னித்துக்கொள், போக வேண்டாம் என்றார். மற்ற மூன்று வீட்டுக்கும் தானே படியேறிப் போய்ச் சொன்னார்.

ராம்பால் தலையை மட்டும் ஆட்டினார். கையில் சுற்றியிருந்த கயிற்றை அப்போதுதான் அவிழ்த்தார். உள்ளங்கையில் வரிவரியாகச் சிவந்திருந்தது. நான் மருந்து எடுத்து வந்து தடவினேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

தடவிக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்டேன். நீ எத்தனை தடவை இறங்கிக் கழுவியிருக்கிறாய், அந்த விரிசல் ஒரு தடவைகூட உன் கண்ணில் படவில்லையா என்று.

அவர் என்னைப் பார்த்தார். குறையாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"பத்தி கஹான் தீ, மேடம்ஜி?"

விளக்கு எங்கே இருந்தது, மேடம்ஜி? கையால் தடவித் தடவித்தான் கழுவுவேன் என்றார். அந்த மூலையில் முடி மாதிரி ஏதோ கைக்கு வரும், பாசி என்று தேய்த்து விட்டுவிடுவேன் என்றார். குழி இருக்கும் இடம் காலுக்குத் தெரியும் என்றார்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து. நான் இரண்டு விளக்கோடு இறங்கி நடுங்கிய இடத்துக்குள் இந்த மனிதர் ஒரு விளக்கும் இல்லாமல், இடுப்பில் கயிறும் இல்லாமல் போய்ப் போய் வந்திருக்கிறார். நான்கு வீட்டில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம், சமைத்தோம், குழந்தைகளைக் குளிப்பாட்டினோம். அத்தனை வருஷத்தில் எங்கள் குழாயில் ஒரு பொட்டு மண் வந்ததில்லை.